ரிப்போர்ட்டில் குறைந்தால்

அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கொலஸ்ட்ரால் பார்க்க வரும் பெரியவர்கள் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கேட்பது, "கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா?" என்பதுதான். குறைந்திருந்தால் முகமே மலர்ந்துவிடும். அவர்களிடம்தான் நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன்.

நடுத்தர வயதுவரை கொலஸ்ட்ரால் பொதுவாக ஏறும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகவே ஏறும். எழுபதைத் தாண்டினால் பலருக்குத் தானாக இறங்க ஆரம்பிக்கும். மாத்திரை இல்லாமல், எடையும் சேர்ந்து இறங்கினால்தான் கவலை. சத்துக்குறைவு, கல்லீரல் கோளாறு, சில நேரம் வெளியே தெரியாத புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம்.

கல்லிடைக்குறிச்சி ஆச்சி ஒருவர் பழைய ரிப்போர்ட்டுகளை மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருப்பார். ரத்தம் எடுக்கக் கையை நீட்டியபோது வளையல் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. மொத்த கொலஸ்ட்ரால் 150. அந்தத் தாளை மட்டும் பார்த்தால் குறையே சொல்ல முடியாது, 200-க்குக் கீழே என்றால் நார்மல். பையிலிருந்த தாள்களில் 230, 205. "ஆச்சி, மூணையும் டாக்டர்ட்ட காட்டுங்க, மெலிஞ்சதையும் சொல்லுங்க" என்றேன். டாக்டர் தைராய்டு பார்க்கச் சொன்னார். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் அடிமட்டத்தில் இருந்தது; தைராய்டு கூடினால் அது இறங்கிவிடும். தைராய்டு அதிகமாகச் சுரந்து, கொலஸ்ட்ராலையும் இறக்கி, ஆளையே உருக்கிக்கொண்டிருந்தது. அது இதயத் துடிப்பையும் தாறுமாறாக்கக் கூடியது. அந்தப் பை இல்லையென்றால் எனக்கு எதுவும் தோன்றியிருக்காது.

தாள்களை ஒப்பிடும்போது இன்னொன்றும் உண்டு. பல லேபுகளில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் கணக்குப்படி மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து மற்றதைக் கழித்துப் போடுகிறோம். ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. ரத்தத்தை மெஷினில் சுற்றிப் பிரித்தெடுத்த சீரம் என்கிற நீரே அரிசி களைந்த தண்ணி மாதிரி கலங்கி நிற்கும்.

அப்புறம், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த அண்ணாச்சி ஒருவர். அவருக்கும் கிட்டத்தட்ட அதே 150. "கொறஞ்சிட்டுல்லா தம்பி, இனி மாத்திர எதுக்கு?" என்றார். இவருக்குக் குறைந்தது அட்டார்வாஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை செய்த வேலை. நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு வெடித்து அடைக்காமல் இருக்கவும் அந்த மாத்திரை உதவுகிறது. "டாக்டரக் கேக்காம மட்டும் நிறுத்திராதீங்க அண்ணாச்சி" என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே போய்க் கேட்டிருக்கிறார். மாத்திரை தொடர்கிறது.