7 நாள் தூக்கம், 364 நாள் வருஷம்: ஒரு டிஎம்மோட நாட்குறிப்பு

2025 ஜூன் 3, செவ்வாய்

புது கேம்பெயினுக்கு (பல நாள் ஓடுற தொடர்கதை) ஹவுஸ் ரூல், அதாவது நாங்களா மாத்தி வெச்சுக்கிற விதி, எழுத உக்காந்தாச்சு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டேபிள சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி ஆளுக்கொரு கதாபாத்திரமா ஆடுற கேம், கதைய நடத்துற டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) நான். அஞ்சாவது எடிஷன், 2014 புக்கு, எல்லார்கிட்டயும் இருக்கிறது அதுதான். மொதல்ல கை வைக்கிறது ரெஸ்ட்ல. புக் படி லாங் ரெஸ்ட், அதாவது 8 மணி நேரம் தூங்கி எந்திரிச்சா ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு) முழுசா வந்துரும், ஸ்பெல் ஸ்லாட்டும் (எத்தன தடவ மந்திரம் போடலாம்ங்கிற கணக்கு) வந்துரும், ஒரு நாளைக்கு ஆறேழு சண்டை வரும்னு வெச்சு போட்ட கணக்கு அது. டஞ்சனுக்குள்ள (பாதாளக் கோட்டை) சுத்துற கேமுக்கு சரி. நம்மளோடது முழுக்க நடைபயணம், நாளைக்கு ஒரு சண்டை வந்தாலே பெருசு, விசர்டு (மந்திரவாதி) அந்த ஒத்த சண்டைல இருக்கிறதெல்லாம் கொட்டிட்டு நிம்மதியா தூங்கப் போயிருவான், வாள் புடிச்சவன் பாவம் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணும்.

டிஎம் கைடுலயே இதுக்கு ஒரு ஆப்ஷன் குடுத்திருக்காங்க: சின்ன ஓய்வான ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். அப்படியே எடுத்துக்கிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

குரூப்ல போட்ட உடனே விசர்டு ஆரம்பிச்சான். "ண்ணா, மேஜ் ஆர்மர் (கவசம் மாதிரி காக்குற மந்திரம்) 8 மணி நேரம்தான் நிக்கும், ஸ்லாட் திரும்பி வர ஒரு வாரம் ஆகும்னா மிச்ச நாளெல்லாம் துண்டப் போத்திட்டு சண்டைக்குப் போறதா?" நியாயமான கேள்வி. 8 மணி நேரம்னு எழுதியிருக்கிற ஸ்பெல் எல்லாம் 3 நாள் நிக்கும்னு ஒரு வரி சேர்த்துட்டேன். வார்லாக் (இன்னொரு வகை மந்திரவாதி) ஆடுறவ வாயே தொறக்கல, அவளுக்கு ஷார்ட் ரெஸ்ட்லயே ஸ்லாட் வந்துரும், தினம் ராத்திரி தூங்குனா போதும், அப்புறம் எதுக்கு பேசணும்.

போஷன் குடிக்கிறது போனஸ் ஆக்‌ஷன், அதாவது அடிக்கிறதோட சேர்த்து செஞ்சுக்கலாம், 2024 புக்லயே அப்படி மாத்திட்டாங்க, அதுல வாக்குவாதமே இல்ல. ஸ்கில் செக்ல (திறமை பலிக்குதான்னு 20 பக்க டைஸ் உருட்டுறது) 20 விழுந்தா தானா ஜெயிச்சதா வெச்சுக்கலாமான்னு ரோக் (திருடன் வேஷம்) கேட்டான். கிடையாது. 20 விழுந்துச்சுன்னு எந்த ராஜாவும் கிரீடத்தக் கழட்டிக் குடுக்க மாட்டான்.

ஜூன் 8, ஞாயிறு

இன்னிக்கு காலண்டர். தூங்குறதுக்கு ஒரு வாரம் போகுதுன்னா அந்த வாரத்துக்கு ஒரு விலை இருக்கணும், தேதி இல்லாத உலகத்துல ஒரு வாரம் போனா என்ன ஒரு மாசம் போனா என்ன.

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ங்கிற, இந்த கேமோட கற்பனை உலகம் ஒண்ணோட காலண்டர் பாத்தேன், 30 நாள்ல 12 மாசம், நடுநடுவுல 5 திருவிழா நாள், ஆனா வாரத்துக்கு 10 நாள், என் 7 நாள் ரெஸ்ட் அதுல ஒட்டாது. நம்ம பஞ்சாங்கம் மாதிரி மாசத்துக்கு 29ல இருந்து 32 வரைக்கும் வெக்க ஆசதான், டேபிள்ல உக்காந்துகிட்டு எவன் எண்ணுறது. கடைசியா கிரேஹாக்ங்கிற இன்னொரு கற்பனை உலகத்தோட சட்டகத்த எடுத்தேன்: 28 நாள்ல 12 மாசம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ 7 நாள் திருவிழா வாரம், மொத்தம் 364. அங்க ஒரு நிலா 28 நாளுக்கு ஒரு சுத்து, இன்னொன்னு 91 நாளுக்கு, ரெண்டுமே 364ஐ மிச்சமில்லாம வகுக்கும், அதனால ஒரு வருஷத்துக்கு போட்ட டேபிள் எல்லா வருஷத்துக்கும் ஓடும்.

பேப்பர்ல போட்டுப் பாத்தப்போதான் இதோட அழகு தெரிஞ்சுது. 28 நாள் நிலாவுக்கு மொத மூணு மாசமும் பௌர்ணமி 15ம் தேதின்னு வெச்சா, திருவிழா வாரம் குறுக்க வர்றதால அடுத்த மூணு மாசம் 8ம் தேதி, அப்புறம் 1, அப்புறம் 22, புது வருஷத்துல திரும்ப 15. பருவத்துக்கு ஒரு பௌர்ணமி தேதி, நானா எதுவும் பண்ணல.

பதினோராவது மாசம் பொறந்தா பனி விழுந்து கணவாய் மூடிரும்னும் எழுதிட்டேன்.

ஜூன் 14, சனி

செஷன். கேம்ல பத்தாவது மாசம் 13. எல்லாரும் அடிபட்டு மலையடிவார சத்திரத்துல கெடக்கறாங்க, தானியம் திருடுன கும்பல் முன்னாடி போயிட்டிருக்கு, கணவாய் 72 மைல், ஒரு நாளைக்கு 24 மைல்னா மூணு நாள் நடை. காலண்டர ப்ரிண்ட் எடுத்து டேபிள் நடுவுல வெச்சேன், அவ்ளோதான்.

இப்பவே கிளம்புனா 15ம் தேதி மேல போயிரலாம், ஆனா நொண்டிக்கிட்டு. ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்து 20 காலைல கிளம்புனா 22 சாயங்காலம் கணவாய், அன்னிக்குத்தான் பௌர்ணமி, அது ஓநாய்மனுஷங்க காடு. பௌர்ணமி தாண்டி 23 கிளம்புனா 25க்கு சேர்ந்துரலாம், பனிக்கு முன்னாடிதான், அதுக்குள்ள கும்பல் எல்லை தாண்டியிருக்கும். ரோக் பேனாவ வெச்சு ஒவ்வொரு கட்டமா தொட்டு எண்ணுறான், விசர்டு பிடுங்கி திரும்ப எண்ணுறான். பாதி செஷன் இதுலயே போச்சு, நான் டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தேன், டைஸ் தொடவே இல்ல.

கடைசில ரெஸ்ட் எடுத்துட்டு பௌர்ணமியோடவே மோதறதுன்னு முடிவு. சத்திரத்துக்கு ஆளுக்கு நாளைக்கு 1 பொன், நாலு பேருக்கு 7 நாள், 28 போச்சு. மிச்சம் 100 சொச்சம். ஓநாய்மனுஷங்களுக்கு வெள்ளிதான் ஆகாது, அத பூச 100 பொன், ஒரு ஆயுதத்துக்கு இல்லன்னா 10 அம்புக்கு.

ஜூன் 15, ஞாயிறு

காலைலருந்து குரூப்ல ஒரே அடிதடி, வாளா அம்பான்னு. வார்லாக் மட்டும், எனக்கு ரெண்டும் வேணாம், அந்தக் காச என்கிட்ட குடுங்கடான்னு போட்டிருக்கா.