திவாலான பில்டர்: நஷ்டஈட்டை இன்சூரரிடம் நேரடியாகக் கேட்பது

இங்கிலாந்தில் கூரையைப் பிரித்துப் போட்ட கம்பெனி பாதியில் திவாலாகி வீட்டுக்குள் மழை இறங்கினால், லிக்விடேட்டர் (திவாலான கம்பெனியின் சொத்தை விற்றுக் கடனை அடைப்பவர்) ஆபீஸ் முதலில் நீட்டுவது கடன்காரர் படிவம், அதாவது கம்பெனி நமக்குத் தர வேண்டியதைக் கோரும் படிவம். எங்களுக்கும் அதுதான் வந்தது. நிரப்பிக் கொடுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். அந்த வரிசையில் கிடைப்பது பெரும்பாலும் சில்லறைதான். கம்பெனிக்கு பப்ளிக் லயபிலிட்டி பாலிசி (அதன் வேலையால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) இருந்தால், 2016 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி (Third Parties (Rights against Insurers) Act 2010) இன்சூரரிடம் பில்டருக்கு இருந்த உரிமை நம் கைக்கு வந்துவிடுகிறது. பில்டர் போனை எடுக்காவிட்டால் மட்டும் போதாது. லிக்விடேஷன் போன்ற முறையான நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும். பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட கம்பெனியாக இருந்தாலும் அதை மறுபடி பதிவேட்டில் சேர்க்க வேண்டியதில்லை.

"பாலிசி விவரம் ரகசியம், தர முடியாது" என்றார் அந்த ஆபீஸ்காரர். சுத்தப் பொய். போனில் கெஞ்சாமல், சட்டத்தின் முதல் அட்டவணையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்: இன்சூரர் யார், பாலிசி விதிகள் என்ன, பொறுப்பை மறுத்திருக்கிறார்களா, பாலிசியின் உச்சவரம்பில் எவ்வளவு தீர்ந்துவிட்டது. 28 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் கோர்ட் உத்தரவு கேட்கலாம். அட்டவணையைப் பார்த்ததும் ஆபீஸின் தொனியே மாறியது. பாலிசி எடுத்துக் கொடுத்த புரோக்கருக்கும் இதே நோட்டீஸ் அனுப்பலாம்.

இன்சூரர் பெயர் தெரிந்த அன்றே அவர்களுக்கும் எழுதிவிடுங்கள். பில்டரிடம் சொல்லக்கூடிய சாக்கு எல்லாவற்றையும் நம்மிடமும் சொல்லலாம். தாமதத் தகவல், அதாவது சேதத்தை நேரத்தோடு தெரிவிக்கவில்லை என்பது, அவர்களுக்குப் பிடித்த சாக்கு. பில்டர் கொடுக்க வேண்டிய தகவலை நாமே கொடுத்தாலும் செல்லும், ஆனால் கெடு ஏற்கெனவே தாண்டியிருந்தால் சிக்கல்தான். எக்ஸஸ் தொகையை (பாலிசிப்படி பில்டரே ஏற்க வேண்டிய பங்கு) கழித்துக்கொள்வார்கள். மறுத்தால் இன்சூரர்மீதே வழக்குப் போடலாம், கம்பெனிக்கு எதிராக முதலில் தீர்ப்பு வாங்கத் தேவையில்லை.

அதிகம் அடிபடும் இடம் ரிப்பேர் எஸ்டிமேட். தார்ப்பாயைக் கட்டாமல் போனதால் ஊறி விழுந்த சீலிங், உப்பிய தரைப்பலகை, நனைந்த வயரிங் இவற்றுக்குப் பாலிசி பொறுப்பு. அரைகுறைக் கூரையைத் திரும்பப் போடும் செலவுக்கு இல்லை. இரண்டும் ஒரே தொகையாக இருந்தால் அட்ஜஸ்டர் (இன்சூரருக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்) மொத்தத்தையும் திருப்பிவிடுவார். தனித்தனியாக வாங்குங்கள், ஈரப் பலகையைப் பிடுங்குவதற்கு முன் போட்டோ எடுங்கள். கூரைச் செலவை அந்தக் கடன்காரர் படிவத்தில் எழுதுங்கள். முன்பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவில் கார்டு கம்பெனியிடமும் கேட்கலாம்.