அம்மாவின் வலது மணிக்கட்டு

அம்மா கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறவர். பஸ் படியில் தவறி விழுந்து வலது மேல்கை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட பிறகு பார்த்தால் மணிக்கட்டு தொங்குகிறது. விரல்களை மடக்குகிறார், நீட்ட வரவில்லை. பக்கவாதம் என்று அக்கம்பக்கத்தில் முடிவே கட்டிவிட்டார்கள். அம்மா அழுதுவிட்டார்.

அது பக்கவாதம் இல்லை. ரேடியல் நரம்பு மேல்கை எலும்பின் பின்பக்கத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. அந்த இடத்தில் எலும்பு முறிந்தால் நரம்பும் நசுங்கலாம், இழுபடலாம். மணிக்கட்டைத் தூக்குவது, விரல்களை நீட்டுவது, கட்டைவிரலை விரிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. முழங்கையை நீட்டும் தசைக்குப் போகும் கிளைகள் பெரும்பாலும் மேலேயே பிரிந்துவிடுவதால் அம்மாவுக்கு அது தப்பியது.

சரி, நீட்டும் நரம்புதானே கெட்டது, பிடி ஏன் போனது? ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லையே என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் அம்மாவின் மணிக்கட்டைத் தன் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "இப்போ என் விரலை இறுக்கிப் பிடிங்கம்மா" என்றார். பிடித்தார், நல்ல அழுத்தத்தோடு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணிக்கட்டு தொங்கினால் விரலை மடக்கும் தசைநாண்கள் தொய்ந்துவிடுமாம். உங்கள் மணிக்கட்டை உள்பக்கமாக முழுசாக வளைத்துக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், தெரியும்.

அதற்காகத்தான் மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் ஸ்பிளின்ட். வியர்க்கிறது, அரிக்கிறது என்று அம்மா கழற்றிக் கழற்றி வைப்பார், நான் மறுபடி மாட்டுவேன். நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் மூட்டுகள் இறுகிவிட்டால் நரம்பு திரும்பி வந்தும் கை வழங்காது. இடது கையால் வலது விரல்களை நிமிர்த்தும் பயிற்சியை அம்மா டிவி பார்த்துக்கொண்டே செய்தார். எலும்பு முறிவோடு வரும் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் தானாகவே சரியாகும். சில மாதம் போயும் அசைவே இல்லையென்றால் நரம்புப் பரிசோதனை, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்றார் டாக்டர்.

முதலில் முழங்கைப் பக்கத்துத் தசை துடித்தது. அப்புறம் மணிக்கட்டு மெல்ல எழுந்தது. விரல்களும் கட்டைவிரலும் கடைசியில்தான் வருமாம். மல்லிகையை இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போட கட்டைவிரல் விரிய வேண்டுமே, அது இன்னும் பாக்கி. இப்போதைக்குக் கட்டுவது நான். இடது கையால் முழம் போட்டு, வாடிக்கைக்காரர்களிடம் பேசி விற்பது அம்மா.