கண்டென்சர் மாற்றிய கதை

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள் எங்கள் ஹால் ஃபேன் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும் வரும். ஒட்டடைக் குச்சியால் ஒரு றெக்கையைத் தள்ளிவிட்டால்தான் நகரும். நகர்ந்தாலும் அஞ்சாம் நம்பரில்கூட மூன்று றெக்கையையும் நிதானமாக எண்ணிவிடலாம்.

எலக்ட்ரீஷியன் தம்பிக்கு போன் போட்டேன். "கண்டென்சர் போயிருக்கும்ணே. மேலூர்ல வேலையா இருக்கேன், நாளன்னைக்கு வாரேன்" என்றார். மதுரையில் மே மாதம் நாளன்னைக்கு என்பது அடுத்த பிறவி மாதிரி.

அந்த ஃபேன் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் பாதி வேலை நின்றுவிடும். பையனின் ஈர யூனிஃபார்ம் அதற்குக் கீழேதான் காயும். பாயசம் அங்கேதான் ஆறும். தரை துடைத்தால் அதைப் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் சோபாவில் காலைத் தூக்கிக்கொண்டு உட்காருவோம். அதற்கு நேர் கீழே உள்ள இடம் என்னுடையது. நான் வேலைக்குப் போயிருக்கும்போது பையனுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எல்லைத் தகராறு வரும். அம்மா இந்தச் சண்டைக்கே வரமாட்டார். சுவரோர மூலையில் சாய்ந்து, கையில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து வாசலும் தெரியும், டிவியும் தெரியும்.

கண்டென்சர்தானே, நாமே மாற்றினால் என்ன என்று தோன்றியது. எட்டு நிமிட வீடியோ ஒன்றில் ஐந்து நிமிடம் பார்த்தேன். கடையில் போய் "இரண்டரை மைக்ரோ ஃபாரட்" என்று ஏதோ மோட்டாரைக் கண்டுபிடித்தவன் தோரணையில் கேட்டேன். "ஃபேன் கண்டென்சரா? அறுபது ரூபா" என்று எடுத்து வைத்தார்.

அந்தக் குட்டி டப்பா என்ன செய்கிறது என்பது எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்துக்குத் தள்ளவும் இழுக்கவும் மட்டும்தான் தெரியும், ஒரு மோட்டாரைத் தானாகச் சுற்ற வைக்கத் தெரியாது. திருகையில் எதிரெதிரே உட்கார்ந்து மாவு திரிக்கும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தள்ளி முடிக்கும் இடத்தில் மற்றவர் வாங்கிக்கொண்டால்தான் கல் சுற்றும். ஃபேன் மோட்டாருக்குள் இரண்டு சுருள்கள். அவை ஒன்றாகத் தள்ளாமல் முன்பின்னாகத் தள்ளும்படி பார்த்துக்கொள்வது கண்டென்சரின் வேலை. எந்தச் சுருள் முந்துகிறதோ, அதை வைத்துத்தான் சுற்றும் திசை. இந்தக் கடைசி விஷயம் நான் பார்க்காமல் விட்ட மூன்று நிமிடத்தில் இருந்தது.

மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பையன் டார்ச் அடிக்கிறேன் என்று என் கண்ணில் அடித்தான். வீடியோவில் சிவப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று ஒயர்கள் பளிச்சென்று இருந்தன. என் ஃபேனில் மூன்றுக்கும் ஒரே நிறம், இருபது வருடத் தூசி நிறம்.

"சீக்கிரம்ப்பா, புழுங்குது" என்று அம்மா விசிறிக்கொண்டே குரல் கொடுத்தார். மனைவி பையனின் கணக்கு நோட்டால் எனக்கு வீசினாள். பாசம் ஒன்றும் இல்லை, என் வியர்வை அவள் மேல் சொட்டியது. முரசு கட்டிலில் அசந்து தூங்கிய மோசிகீரனாருக்குப் பெருஞ்சேரல் இரும்பொறை நின்று கவரி வீசிய கதை ஞாபகம் வந்தது. சொன்னேன். "அவர் பாட்டு எழுதிக் களைச்சவர். நீங்க ஒயரைப் பாருங்க" என்றாள்.

பிறர் கையால் காற்று வாங்கும் சுகம் ராஜாக்களோடு போய்விடவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் கோர்ட்டிலும் பங்களாவிலும் கூரையிலிருந்து பெரிய துணிச் சட்டம் தொங்கும். அதன் கயிறு சுவர் ஓட்டை வழியாக வராந்தாவுக்குப் போகும். அங்கே பங்கா இழுக்கிற ஆள் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருப்பார், சில நேரம் காலில் கட்டிக்கொண்டு படுத்தபடியே. உள்ளே இருப்பவருக்குக் காற்று, இழுப்பவருக்கு வெளி வெக்கை. 1880களில் அமெரிக்காவில் பிலிப் டீல் என்கிற ஜெர்மன்காரர், தையல் மெஷினுக்காகச் செய்த மின் மோட்டாரில் றெக்கை மாட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார். மின்சார சீலிங் ஃபேன் அப்படித்தான் வந்தது. ஏசி அதற்கு அப்புறம்தான். 1902இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக் காகிதம் ஈரப்பதத்தில் உப்பிச் சுருங்காமல் இருக்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்தது அது. மனுஷனுக்கு முன்னால் காகிதத்துக்குத்தான் ஏசி கிடைத்திருக்கிறது.

சரி, ஒயருக்கு வருவோம். ஒரு குத்துமதிப்பில் இணைத்து, டேப் சுற்றி, இறங்கி மெயினைப் போட்டேன். முனகல் இல்லை, தள்ளிவிடவும் வேண்டியிருக்கவில்லை. ஜிவ்வென்று வேகம் பிடித்து, றெக்கைகள் ஒன்றாகக் கலந்து வட்டமாகத் தெரிந்தன. கூடவே ஒரு வருடத் தூசி உருண்டை உருண்டையாக என் தலையில் விழுந்தது. அதைப் பூமாரியாக எடுத்துக்கொண்டு ராஜாவைப் போல என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

காற்றே இல்லை.

மேலே பார்த்தால் சுற்றுகிறது, கீழே ஒரு தினசரி காலண்டர் தாள்கூட அசையவில்லை. "ஓடுது, ஆனா ஓடல" என்றான் பையன். மனைவிதான் கண்டுபிடித்தாள்: "என்னங்க, இது மாத்திச் சுத்துது!" கீழிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டிய ஃபேன் முள்ளோடு சுற்றிக்கொண்டிருந்தது. கீழே இருக்கிற காற்றை உறிஞ்சி கூரைக்கு விசிறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கூரை அவ்வளவு குளுகுளுவென்று என்றைக்கும் இருந்திருக்காது.

மறுபடி ஏற உடம்பில் தெம்பில்லை. குளிர்நாடுகளில் இதை வேண்டுமென்றே செய்வார்கள், அங்கே ஃபேனிலேயே அதற்குத் தனி சுவிட்ச் உண்டு, குளிர்காலத்தில் கூரையடியில் தங்கிய சூட்டைச் சுவர் வழியாகக் கீழே இறக்க, என்று விளக்கினேன். வியர்க்க வியர்க்கச் சொன்னதால் யாரும் ரசிக்கவில்லை. ஃபேன் அறையைக் குளிர வைக்கிற சாமான் இல்லை, வியர்வையை உலர்த்தித்தான் நமக்குக் குளிர்ச்சி தருகிறது, காற்று மேலே படாவிட்டால் அது எழுபத்தைந்து வாட் மோட்டார் சூடு மட்டும்தான் என்றும் சொன்னேன். "அப்ப இது ஹீட்டரா?" என்றான் பையன்.

அப்போதுதான் கவனித்தேன், அம்மாவின் விசிறி மடியில் கிடந்தது. முந்தானை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கூரைக்குப் போன காற்று சுவரில் முட்டி, அந்த மூலையில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான இருக்கு. என்னத்துக்கு எல்லாரும் கத்துறீங்க?" என்றார் அம்மா.

அன்று சாயங்காலம் முழுக்க நாங்கள் மூவரும் சுவரோரமாக அம்மாவோடு வரிசையாக உட்கார்ந்து டிவி பார்த்தோம். நடு ஹால் காலியாகக் கிடந்தது.

சொன்ன நாளில் எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. அந்த நாகரிகத்துக்கே தனியாகக் காசு கொடுக்கலாம். இரண்டு ஒயரை மாற்றிப் போட்டுவிட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். காற்று பழையபடி நடு ஹாலில் கொட்டியது. நானும் பையனும் ஒரே நேரத்தில் அந்த இடத்துக்குப் பாய்ந்தோம்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தம்பியை அம்மா கூப்பிட்டார்.

"ஏப்பா, அந்த ரெண்டு ஒயரையும் முந்தி இருந்த மாதிரியே மாத்த எவ்வளவு கேப்ப?"