மிச்ச இடத்துத் தமிழ்

கல்யாணமாகி நுவரெலியாவுக்கு வந்தவள் நான். சொந்த ஊர் நீலகிரியில் பந்தலூர். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இலங்கை புது நாடு இல்லை, தாத்தா விட்டுவந்த நாடு. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கில் தோட்டத்து ஆட்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. என் தாத்தா தலவாக்கலையில் பிறந்தவர். "தாத்தாவைத் திருப்பி அனுப்பினாங்க, பேத்தி வட்டியோட போறா" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள்.

வந்த இடத்தில் பேச்சுக்கு ஒரு சிரமமும் இல்லை. தோட்டத்து ஆட்கள் பேசுவது தாத்தா பேசிய அதே தமிழ். நீலகிரிக்காரிக்கு 1,868 மீட்டர் உயரக் குளிரும் பெரிய விஷயமில்லை. சிவப்பரிசியும் தேங்காய்ச் சம்பலும் ஒட்டிக்கொண்டன. ஒட்டாமல் நின்றது விசைப்பலகைதான். கோயம்புத்தூரில் கடை போர்டும் பிளெக்ஸும் டிசைன் செய்துகொண்டிருந்தவள் நான். இங்கே வீட்டுக்காரரின் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமா, டவுனில் பிரின்டிங் கடை வைத்திருக்கிறார். "சும்மா வீட்ல இருக்காம வாம்மா" என்றார். போனேன்.

நான் தட்டுவது தமிழ்99 என்ற விசைப்பலகை முறை. அதில் உச்சரிக்கிற வரிசைதான் கணக்கு: க தட்டி ஒ தட்டினால் 'கொ' வந்துவிடும். இங்கே பெரும்பாலும் பாமினி. அது தட்டச்சு மெஷின் காலத்துக் கணக்கு, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்ட வேண்டும். 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். புள்ளிக்குத் தனி விசை. அதைவிடப் பெரிய தொல்லை, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோட் இல்லை பாமினி. ஆங்கில எழுத்துகள் உட்கார வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு அது. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும் பல்லிளிக்கும். மெஷினில் நிற்கும் பையனுக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது அப்படியே பிளெக்ஸில் ஏறி, காய்ந்து, சுருட்டிக் கைக்கு வந்துவிடும்.

சரி, யூனிகோடுக்கு மாறலாமே என்றால் அங்கே வேறு தலைவலி. டிசைன் மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பை நாமாகத் தேடி இயக்காவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றுகொள்ளும். 'தேயிலை' என்ற ஒரே சொல்லில் 'தே'யும் 'லை'யும் இரண்டு இடத்தில் உடையும். தேயிலையை நம்பி வாழும் ஊரில் அந்தச் சொல் உடைந்து தொங்குவதைப் பார்க்கும்போது கை பரபரக்கும்.

டவுனில் நடந்தால் எனக்குக் கடைகள் கண்ணில் படுவதில்லை, போர்டுகள்தான் படுகின்றன. 1894ல் கட்டிய சிவப்புச் செங்கல் தபால் நிலையம், காய்கறிச் சந்தை, ஸ்வெட்டரும் குல்லாயும் தொங்கும் வரிசை, ஸ்ட்ரோபெரி ஜாம் விற்கும் பெட்டிக்கடைகள். அரசாங்க போர்டு என்றால் ஒழுங்கு தெரியும்: மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். 1987ன் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சி மொழி ஆக்கியது. 1999ல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகள் என்று அறிவித்தார்கள். கடை போர்டுக்கு வந்தால் கதை வேறு. ஆங்கிலம் ஆளுயரத்துக்கு நிற்கும், சிங்களம் அதற்குக் கொஞ்சம் குறைவாக. மிச்ச இடத்தில் தமிழ். மிச்சமில்லாவிட்டால் தமிழ் இல்லை.

இதில் வெறும் மனசு மட்டும் இல்லை, எழுத்தின் உடம்பும் இருக்கிறது. சிங்கள எழுத்துக்கு மேலேயும் கீழேயும் குறிகள் வரும், அதற்கு உயரம் வேண்டும். தமிழ் பக்கவாட்டில் ஓடும், அதற்கு அகலம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சின்னச் சொல்லில் சலூன் என்று முடித்துவிடுவார்கள். இங்கத்துத் தமிழில் அதற்கு 'சிகையலங்கார நிலையம்'. இரண்டு மொழியையும் வைத்து முடித்துவிட்டுக் கடைசியில் தமிழைக் கொண்டுவந்தால், டிசைனர் என்ன செய்வார்? இரண்டு பக்கமும் பிடித்து அமுக்குவார். அமுக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்துபோகும், படுக்கும் கோடுகள் தடிப்பாகவே இருக்கும். சுழிகள் அடைபடும். மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. புள்ளியும் மெலிந்து கோடாகிவிடும். அப்படி ஒரு போர்டைப் பார்த்துவிட்டு, தமிழ் எழுத்தே சிக்கலான எழுத்து என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

தெரியாத எழுத்தைப் பார்த்து வரைகிற வேலையும் உண்டு. த-வும் ந-வும் தமிழ் அறியாத கண்ணுக்கு ஒன்றுதான். பஸ் ஆசனத்துக்கு மேலே 'தாய்மார்' என்பது 'நாய்மார்' ஆன போட்டோ நாடு முழுக்கச் சுற்றியது. எல்லாரும் கோபப்பட்டார்கள், எனக்கும் கோபம்தான். ஆனாலும் தொழில்காரியாக நான் கேட்பது ஒன்றுதான்: அச்சுக்குப் போகும் முன் அதை ஒரு தமிழ் ஆளிடம் காட்ட எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்?

தமிழ்நாட்டில் கடை போர்டுக்குத் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்று ஒரு விகிதம் உண்டு. எல்லாரும் அதை மதிக்கிறார்களா என்றால், கோவை கிராஸ்கட் ரோட்டில் போய்ப் பாருங்கள். ஆனாலும் தமிழை முதலில் வைத்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்குவது என் கைக்குப் பழக்கம். இங்கே அந்தப் பழக்கம்தான் உதவியது.

ஏப்ரல் சீசனுக்கு முன்னால், மார்ச்சில், எங்கள் கடையில் நிற்க இடமிருக்காது. பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், புத்தாண்டு லீவு என்று நாடே மலையேறும். அதற்குள் எல்லாருக்கும் புது போர்டு வேண்டும். சந்தைப் பக்கம் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் சிங்களவர் ஒருவர், சரளமாகத் தமிழ் பேசுவார், 12 அடிக்கு 3 அடி போர்டு கேட்டு வந்தார். 'குளிர்கால உடைகள்' என்று தமிழில் போட்டுக் காட்டினேன்.

"நங்கி, தமிழ் மட்டும் ரயில் மாதிரி போகுதே. கொஞ்சம் அமுக்குங்களேன்." நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை, மாத்தயா என்றால் ஐயா.

"அமுக்கினா ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து படிக்க முடியாது மாத்தயா. ரெண்டு வரியா மடிச்சிடலாம்."

"சிங்களம் மேலதான் இருக்கணும்."

"மேலேயே இருக்கட்டும்."

மேலே முழு நீளத்துக்குச் சிங்களம். கீழே இடது பாதியில் தமிழ் இரண்டு வரி, வலது பாதியில் ஆங்கிலம். மூன்றுக்கும் நோட்டோ குடும்பத்து எழுத்துரு. நோட்டோ பார்த்துப் பார்த்துச் சலித்த முகம்தான், ஆனால் மூன்று மொழிக்கும் ஒரே தடிப்பில் கோடு கிடைக்கும், ஒன்று தடியாகவும் ஒன்று நோஞ்சானாகவும் நிற்காது. மனிதர் கொஞ்ச நேரம் முகவாயைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார். சீசன் முடிந்து வந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் போர்டைப் படித்துவிட்டு நேரே உள்ளே வருகிறார்கள், தமிழிலேயே விலை கேட்கிறார்கள் என்று சொல்லி, உள்ளே மாட்ட விலைப்பட்டியலும் அதே மாதிரி கேட்டார். மொழிக் கொள்கை எதுவும் அவர் பேசவில்லை. வியாபாரி.

தேயிலைக் கடைகள் தனி ரகம். அங்கே எல்லாம் 'சிலோன்' மயம். நாட்டின் பெயர் 1972லேயே மாறியாயிற்று, தேயிலைக்கு மட்டும் மாறவில்லை, மாற்றினால் சந்தை போய்விடும். சிங்க முத்திரையையும் போர்டில் போடச் சொல்வார்கள். அது தேயிலைச் சபையின் முத்திரை, முழுக்க இலங்கைத் தேயிலையை இலங்கையிலேயே அடைத்த பாக்கெட்டுக்குத்தான் உரியது என்று சின்ன மாமா சளைக்காமல் விளக்குவார். எனக்கு எரிச்சல் வருவது சிங்கத்தால் இல்லை. போர்டுக்குப் போர்டு ஒரு கொழுந்து பறிக்கும் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். முதுகில் பிரம்புக் கூடை. இப்போது தோட்டத்தில் பாதிப் பேர் தோளிலும் தலையிலும் மாட்டுவது சாக்குப் பைதான், அது படத்துக்கு அழகில்லை போலிருக்கிறது. போகட்டும். அவள் படம் இருக்கும் போர்டில் அவள் படிக்கக்கூடிய எழுத்து ஒன்றுகூட இருக்காது. என் மாமியார் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அப்படி ஒரு கடை வாசலில் நின்று, "என் போட்டோவ போட்டிருக்கான், என்ன எழுதியிருக்கான்னு சொல்லேன்" என்று கேட்டார். விலையைப் படித்துச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது, வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

பழைய போர்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எங்கள் கடைக்கு வருவார், கையால் போர்டு எழுதியவர், கோயில் திருவிழாவுக்கு இப்போதும் எழுதுகிறார். நூலில் சுண்ணாம்பு தடவிக் கோடு தட்டுவார், பென்சில் போடாமலே சிங்களம் எழுதுவார். சிங்களத்துக்குக் கை நிற்காமல் வளைந்து ஓட வேண்டும், தமிழில் ட, ப, ம என்று மூலைக்கு மூலை நிறுத்தி எடுக்க வேண்டும் என்று எனக்குப் போட்டுக் காட்டினார். அவர் எழுதும் 'லை'யில் இன்னும் யானைத் துதிக்கை மாதிரி வளையும் பழைய வடிவம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978ல் எம்.ஜி.ஆர் அரசு அதை நீக்கியது, நான் அந்த வடிவத்தைப் பள்ளியில் படித்ததே இல்லை. "உங்க ஊர் கவர்மென்ட் மாத்துனதுக்கு என் கை ஏம்மா மாறணும்?" என்பார். அவர் எனாமலில் எழுதிய தகர போர்டு ஒன்று மஸ்கெலியா ரோட்டில் இன்னும் நிற்கிறது. நாங்கள் அடிக்கும் பிளெக்ஸ் இந்த ஈரத்தில் சீக்கிரமே பூஞ்சை பிடித்து மங்கிவிடும். வியாபாரத்துக்கு அது நல்லதுதான் என்று சின்ன மாமா சிரிக்கிறார்.

எல்ல என்ற சுற்றுலா ஊரில் நிலைமை இன்னும் விசித்திரம். ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக முழுத் தெருவும் ஆங்கிலத்தில் இருக்கிறது, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியது போன்ற எழுத்துருவில். அங்கே ஒரு கஃபேக்காரர் எங்களைக் கூப்பிட்டு, உள்சுவரில் தமிழ் எழுத்துகளை அலங்காரமாகப் போட வேண்டும் என்றார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். "எதுவா இருந்தாலும் பரவாயில்ல, சும்மா டிசைன்தானே." சரி என்று அவருடைய மெனுவையே எடுத்து, பிளேன்டீயிலிருந்து ரொட்டி வரைக்கும் விலையோடு, நல்ல பெரிய எழுத்தில், மூன்று சுழி மூன்று சுழியாகத் தெரிகிற மாதிரி சுவர் முழுக்க எழுதினேன். வேலை முடிந்த அன்றே வெளியே நின்ற ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்து, ஒரு பிளேன்டீக்கு இவ்வளவா என்று சத்தமாகச் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று கஃபேக்காரர் கேட்டார், சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு, உள்ளூர் ஆட்களுக்கு ஒரு விலை போட்டு அதைச் சிங்களத்திலும் எழுதச் சொன்னார். சுவரில் மூலையில் கொஞ்சம் இடம்தான் இருந்தது. அமுக்காமல், இரண்டு வரியாக மடித்துப் போட்டேன்.