குழந்தை பிறந்தால் பிரஷர் போய்விடும் என்று நினைத்தேன்

வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் அன்று முழங்கை வரை ஏறி இறங்கின. மூன்று வாரம் கழித்து, பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டில், ஒருநாள் காலை எழுந்து பார்க்கிறேன்: அதே வளையல்கள் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு நகரவில்லை. கண்ணைச் சுற்றியும் உப்பியிருந்தது. "நீர் எறங்குது கண்ணு, புள்ள பொறந்தா வடிஞ்சிடும்" என்றார் அம்மா.

கால் வீக்கம் பல பேருக்கு வருவதுதான். எனக்கு முகமும் விரல்களும் சேர்ந்து வீங்கின. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறியிருந்தேன். முந்தின வாரம் ஸ்கேன் எடுத்த இடத்தில் இதைக் காட்டிக் கேட்டபோது, பிரஷர்கூடப் பார்க்காமல் "இதெல்லாம் சாதாரணம்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப் நாள் வந்தது. பிரஷர் 150/100. கொஞ்ச நேரம் இடது பக்கமாகப் படுக்கவைத்து மறுபடி பார்த்தார்கள், அதேதான். சிறுநீரில் நனைத்த மஞ்சள் பட்டை என் கண்ணெதிரே பச்சையாக மாறியது. "யூரின்ல உப்பு போகுதும்மா" என்றார் நர்ஸம்மா. அம்மா அதைச் சமையல் உப்பு என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்குக் களிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கீரைக் கடைசலில் உப்பே இல்லை. இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். அது அல்புமின் என்கிற புரதம். பிரஷர் ஏறி சிறுநீரகம் பாதிக்கப்படும்போது ரத்தத்தில் இருக்க வேண்டியது வெளியே கசிகிறது. உப்பை நிறுத்தினால் அது நிற்காது.

மறுநாள் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்தேன். அப்போது 33 வாரம். ப்ரீ எக்லாம்ப்சியா என்ற பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன். 20 வாரத்துக்கு மேல் 140/90-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சரியாக அமையாததில் இது தொடங்குகிறதாம். தான் போட்ட சாப்பாட்டால்தான் வந்தது என்று அழுதுகொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து இதைச் சொன்னார். அப்புறம்தான் அம்மா வாயில் சோறு இறங்கியது.

பிரஷருக்கு லபெட்டலால் மாத்திரை. குழந்தையின் நுரையீரல் பலப்பட 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. நான்காம் நாள் ராத்திரி தலை பிளக்கிற மாதிரி வலித்தது. வலது விலாவுக்குக் கீழே பிசைந்தது. கண்ணை மூடினாலும் மின்மினிப் பூச்சிகள் பறந்தன. பிரஷர் 170/110. வலிப்பு வந்துவிடக் கூடாது என்று மக்னீசியம் சல்பேட் போட்டார்கள். எங்கள் ஊர்க் கிழவிகள் பிரசவ ஜன்னி என்று பயந்து பயந்து சொல்வார்களே, அந்த வலிப்புதான். ஊசி நரம்பில் ஏற ஏற உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனலாய்ப் பரவியது. இடுப்பில் இரண்டு பக்கமும் போட்டது அதைவிட வலி. அடுத்த ஊசிக்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன சுத்தியலால் முட்டியைத் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்த்தார்கள். மூச்சை எண்ணினார்கள், டியூப் வழியாக இறங்கிய சிறுநீரை அளந்தார்கள். மருந்து அளவு மீறினால் முதலில் அந்தத் துள்ளல்தான் நிற்குமாம். அன்றிரவு என் கால் துள்ளியபோதெல்லாம் எனக்கு உயிர் வந்தது.

விடிவதற்குள் சிசேரியன். பெண் குழந்தை, 1 கிலோ 600 கிராம். முகத்தை ஒரு தடவை காட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டாம் நாள்தான் தொட்டேன். பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கக் கற்றுக்கொண்டேன், முதல் தடவை அரை பாலாடைகூட வரவில்லை. பிறகு நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் சட்டையைக் கழற்றிவிட்டு மணிக்கணக்கில் அவளை மார்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். பிரசவத்தோடு பிரஷர் போய்விடும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மாத்திரை பாலில் கலந்து குழந்தைக்குப் போகும் என்ற பயம் வேறு. யாரிடமும் கேட்காமல் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் கிராம சுகாதார செவிலியர் குழந்தையைப் பார்க்க வந்தார். லேசாகத் தலைவலி என்றேன். தூக்கம் இல்லாததால் இருக்கும் என்றும் நானே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து கருவியை எடுத்துக் கையில் கட்டினார். 160/104. உடனே 108-ஐக் கூப்பிட்டுவிட்டார். பிரசவமாகி ஆறு வாரம் வரைகூட வலிப்பு வரலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பால் கொடுப்பவர்கள் சாப்பிடக்கூடிய மாத்திரையாகப் பார்த்துத்தான் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுபடி மூன்று நாள் ஆஸ்பத்திரி. பச்சை உடம்புக்காரிக்குத் தலை வலித்தால் சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவதற்கு முன் பிரஷரைப் பாருங்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மூன்றாவது மாதம் மாத்திரை இல்லாமலே 118/76-க்கு வந்தது. பின்னாளில் ரத்தக்கொதிப்போ இதய நோயோ வரும் வாய்ப்பு எனக்குக் கொஞ்சம் கூடுதல் என்பதால் வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்கு இப்போது ஒன்றே கால் வயது, சுவரைப் பிடித்து நடக்கிறாள். அத்தை மெதுவாக அடுத்த குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நாள் தள்ளிப்போனால் 12 வாரத்துக்குள் வந்து காட்ட வேண்டும், குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு பீரோவில், அந்த வளையல்களோடு இருக்கிறது.