மரை கழன்ற லென்ஸ்

ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் கேமரா லென்ஸ் கைக்கு வந்தபோது கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. ஃபோகஸ் வளையத்தைத்தான் அசைக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினால் முனகிக்கொண்டே கொஞ்சம் நகரும். வரிசை எண் 78 என்று தொடங்கியது. சோவியத் லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைச் சொல்லும். அப்படியென்றால் உள்ளே இருப்பது 1978-இல் தடவிய கிரீஸ். கிரீஸில் உள்ள எண்ணெய் வருடக்கணக்கில் மெல்லப் பிரிந்து ஓடிவிடும். மிஞ்சுவது மெழுகாக மரைக்குள் இறுகிக்கொள்ளும்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் திருப்புளிகளை அடுக்கியதைப் பார்த்து வீட்டில், "உனக்கு மரை கழன்றுவிட்டதா?" என்றார்கள். கழற்றத்தான் போகிறேன் என்றேன்.

ஃபோகஸ் வளையத்தைப் பிடித்திருப்பவை மூன்று பொடித் திருகுகள். அசையாமல் இருக்க அவற்றின் மேல் அரக்குப் பூசியிருப்பார்கள். ஒரு குச்சி முனையில் அசிட்டோன் தொட்டு வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்ததும் இளகின. திருப்புளியின் முனை திருகின் பள்ளத்தை முழுக்க நிரப்ப வேண்டும். சிறியதை வைத்து அழுத்தினால் பள்ளம் சிதைந்துவிடும், அப்புறம் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். (ஜப்பானிய லென்ஸ்களில் வேறொரு பொறி உண்டு. கூட்டல் குறித் திருகு என்று பிலிப்ஸ் முனையை வைப்போம். அவை ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பானியத் தரநிலை வகை, பொருந்துவதுபோலத் தெரியும், அழுத்தியதும் வழுக்கித் தலையைத் தின்றுவிடும்.)

இரண்டு தவறு இங்கேயே நடந்தது. லென்ஸ் திறக்கும் ஸ்பேனர் இல்லாமல் ஜியோமெட்ரி பெட்டியின் கவராயத்தை வைத்து ஒரு வளையத்தைத் திருப்பினேன், வழுக்கியது. நல்லவேளை, கோடு விழுந்தது கண்ணாடியில் அல்ல, வளையத்தில். அன்றே ஸ்பேனர் வாங்க முடிவு செய்தேன். இன்னொன்று, அசிட்டோன் நனைத்த பஞ்சு, ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் வளையத்தில் உரசியதும் 8 என்ற எண்ணில் இருந்த பெயிண்ட் கரைந்து வந்துவிட்டது.

கண்ணாடிகள் இருக்கும் தொகுதியை அப்படியே எடுத்து மூடியுள்ள டப்பாவில் வைத்தேன். அபெர்ச்சர் இதழ்கள் எட்டிலும் எண்ணெய்ப் படலம் தெரிந்தது. பிரிந்து ஓடிய எண்ணெய் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. இதழ்களைப் பிரித்தால் திரும்ப அடுக்க ஒரு நாள் போதாது என்பதால் கைவைக்கவில்லை. இந்த லென்ஸில் அபெர்ச்சரைக் கையால்தான் திருப்புகிறோம், கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் வேலை செய்யும். ஷட்டர் அழுத்தும் நொடியில் ஸ்பிரிங் இழுத்து மூடும் தானியங்கி லென்ஸாக இருந்தால் விட்டுவைக்க முடியாது. இதழ்கள் ஒட்டிக்கொண்டு தாமதமாக மூடும், படம் வெளிறும்.

சரி, இனிதான் மரை. லென்ஸ் மரை சாதாரண போல்ட் மரை போல ஒரே வாயில் தொடங்குவதில்லை. சுற்றிலும் பல வாய்கள் உண்டு. எந்த வாயில் வைத்தாலும் ஏறிக்கொள்ளும், சரியான வாய் ஒன்றுதான். அதனால் கழற்றும்போது இரண்டு பாகமும் பிரியும் அந்த நொடியில் நிறுத்தி, இரண்டிலும் நேருக்கு நேர் ஊசியால் கீற வேண்டும். இதைப் படித்திருந்தேன். ஆனாலும் வளையம் இளகி வர ஆரம்பித்த மகிழ்ச்சியில் திருப்பிக்கொண்டே இருந்தேன். கையோடு வந்துவிட்டது. கீறலும் இல்லை, போட்டோவும் இல்லை.

அந்தக் கலக்கத்தோடுதான் சுத்தம் செய்தேன். ஜன்னலைத் திறந்து வைத்து, சிகரெட் லைட்டர் திரவத்தில் பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தால் பழுப்பாக வழிந்தது. மரைப் பள்ளங்களுக்குள் பல்குத்தும் குச்சி. பஞ்சு கறுக்காமல் வரும்வரை நான்கு முறை. பித்தளையும் அலுமினியமும் உலர்ந்த பிறகு கிரீஸே இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்தது நல்லதாயிற்று. சரியான வாயைத் தேடும் வேலை முழுவதும் கையில் பிசுக்கு இல்லாமல் நடந்தது.

முதல் வாயில் ஏறியது, வெகு தொலைவு தெளிவாகத் தெரியும் இன்ஃபினிட்டி நிலை வருவதற்கு முன்பே முட்டி நின்றது. அடுத்ததில் தாண்டிப் போனது. ஒவ்வொரு முறையும் பென்சிலால் எண் எழுதிக்கொண்டேன். ஆறாவது முயற்சியில் பொருந்தியது. உடனே ஊசியால் ஆழமாகக் கீறினேன்.

கிரீஸில் ஆசைப்படக்கூடாது. லென்ஸுக்கென்று விற்கும் தடித்த கிரீஸை முதலில் தாராளமாகப் பூசினேன். பொருத்தியதும் ஓரத்தில் பிதுங்கியது. மிச்சம் உள்ளே போய் இதழில்தான் ஏறும் என்பதால் மறுபடி கழற்றித் துடைத்தேன். மரை மேடுகள் மினுங்கும் அளவுக்குத் தடவினால் போதும். வாகனத்துக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம். வளையம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஃபோகஸ் நிற்காது.

கடைசி வேலை இன்ஃபினிட்டி. கேமராவில் மாட்டி, அபெர்ச்சரை 2-இல் திறந்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கோபுர விளக்கைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கு மிகக் கூர்மையாகத் தெரிந்த இடத்தில் லென்ஸை அசையாமல் பிடித்து, அந்த மூன்று திருகுகளையும் தளர்த்தி, வளையத்தை மட்டும் நகர்த்திக் குறியை நேராக்கி இறுக்கினேன். முதலில் ஒவ்வொரு திருகாக முழுவதும் இறுக்கியதில் வளையம் கோணலாகி உரசியது. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி இறுக்கியதும் சரியாயிற்று.

இப்போது அரை மீட்டரிலிருந்து இன்ஃபினிட்டி வரை ஒற்றை விரலால் திருப்பலாம், எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறது. 8-க்குத்தான் இன்னும் பெயிண்ட் வைக்கவில்லை. 5.6-க்கு அடுத்தது என்று எண்ணித் திருப்பிக்கொள்கிறேன்.